சமபக்க முக்கோணத்துக்குள் இரண்டு சதுரங்கள்: இந்தப் புதிரில் தரவு குறைகிறதா?

தாள்மடிப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு நாட்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு புதிரை இங்கே வைக்கிறேன். பக்கம் 12 செ.மீ. உள்ள ஒரு சமபக்க முக்கோணம். அதன் அடிப்பக்கத்தின் மேல் இரண்டு சதுரங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இடச் சதுரத்தின் மேல் இடமூலை முக்கோணத்தின் இடப்பக்கத்தைத் தொடுகிறது. வலச் சதுரத்தின் மேல் வலமூலை முக்கோணத்தின் வலப்பக்கத்தைத் தொடுகிறது. படத்தில் இடச் சதுரம் பெரிதாகவும் வலச் சதுரம் சிறிதாகவும் இருக்கின்றன, ஆனால் எதன் அளவும் தரப்படவில்லை. இரு சதுரங்களின் பக்க நீளங்களைக் கூட்டினால் எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி.

வழி தெரியாமல், இரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டேன். ஒவ்வொன்றின் பக்கமும் ஏறத்தாழ 3.804 செ.மீ. என்றும், கூடுதல் 7.608 செ.மீ. என்றும் கிடைத்தது. புதிரோடு கொடுக்கப்பட்டிருந்த விடை 18 − 6√3. அதைக் கணக்கிட்டால் அதே 7.608 வருகிறது. விடை பொருந்திவிட்டது, ஆனால் மனம் பொருந்தவில்லை. படத்தில் உள்ள சதுரங்கள் சமமே அல்ல என்னும்போது என் விடை எப்படிச் சரியானது?

நேர்கோடு எழுதியது:

தரவு போதவில்லை என்பதே என் கருத்து. தெரியாத நீளங்கள் இரண்டு. அடிப்பக்கத்தின் நீளத்தைக் கொண்டு நாம் எழுதக்கூடிய சமன்பாடு ஒன்றே ஒன்று. ஒரு சமன்பாட்டிலிருந்து இரண்டு மதிப்புகளைப் பெற முடியாது. நீங்கள் சமம் என்று கொண்டது இரண்டாவது சமன்பாட்டை நீங்களாகவே சேர்த்ததற்கு ஒப்பாகும். புதிரை அமைத்தவரும் அதே எடுகோளைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன். படம்தான் தவறாக வரையப்பட்டிருக்க வேண்டும்.

மூலைமட்டம் எழுதியது:

நண்பர் நேர்கோடு சொன்னதில் பாதி சரி. ஒரு சமன்பாட்டிலிருந்து இரண்டு நீளங்களையும் தனித்தனியே பெற முடியாதுதான். ஆனால் கேட்கப்பட்டது இரண்டு நீளங்கள் அல்ல, அவற்றின் கூடுதல். ஒரே ஒரு மதிப்பைக் கேட்கிறார்கள். அதற்கு ஒரு சமன்பாடு போதுமா என்று பார்க்க வேண்டும்.

படத்தில் சதுரங்களை ஒரு கணம் மறந்துவிட்டு, முக்கோணத்தின் இடக்கோடியில் மிஞ்சி நிற்கும் சிறு துண்டைப் பாருங்கள். அது ஒரு செங்கோண முக்கோணம். அதன் ஒரு கோணம் 60°, எனவே மற்றது 30°. அதன் நிற்கும் பக்கம் இடச் சதுரத்தின் இடப்பக்கமேதான். இடச் சதுரத்தின் பக்கத்தை அ என்று கொண்டால், இந்தத் துண்டு அடிப்பக்கத்தில் பிடிக்கும் நீளம் அ/√3. வலக்கோடியிலும் அப்படியே, வலச் சதுரத்தின் பக்கம் ஆ என்றால் அங்கே ஆ/√3. ஆகவே, ஒவ்வொரு சதுரமும் தன் பக்க நீளத்தோடு, தன் அளவுக்கு ஏற்ற ஒரு மூலைத்துண்டையும் இழுத்துக்கொண்டு வந்து அடிப்பக்கத்தில் உட்காருகிறது. பெரிய சதுரம் பெரிய துண்டை இழுக்கிறது, சிறியது சிறிய துண்டை இழுக்கிறது, ஆனால் இரண்டிலும் விகிதம் ஒன்றுதான். அடிப்பக்கத்தை இடமிருந்து வலமாகக் கூட்டினால்:

அ/√3 + அ + ஆ + ஆ/√3 = 12

இதில் அ, ஆ இரண்டும் ஒரே எண்ணால் பெருக்கப்படுகின்றன. எனவே (அ + ஆ) × (1 + 1/√3) = 12. இங்கிருந்து அ + ஆ = 18 − 6√3 என்று நேராக வந்துவிடுகிறது. அ எவ்வளவு, ஆ எவ்வளவு என்ற கேள்வியே எழவில்லை.

தாள்மடிப்பு அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சமம் என்று கொண்டு விடை கண்டது தற்செயலாகச் சரியானதல்ல. கூடுதல் மாறாது என்பதால் எந்த ஓர் எடுத்துக்காட்டும் அதே விடையைத்தான் தரும். ஆனால் கூடுதல் மாறாது என்பதை நீங்கள் முதலில் அறிந்திருக்கவில்லை. தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் அவசரத்தில் அந்த வழி உதவும். புதிர் தீர்ந்ததா என்று கேட்டால், தீரவில்லை என்றே சொல்வேன். உங்கள் மனம் ஒப்பாதது நல்ல அறிகுறி.

சரிபார்க்க விரும்புவோர் அ = 5 என்று கொள்ளலாம். அப்போது ஆ = 13 − 6√3, அதாவது ஏறத்தாழ 2.61. மூலைத்துண்டுகள் 2.887, 1.506 ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், 12 வரும்.

நேர்கோடு எழுதியது:

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். சமன்பாட்டை எழுதாமலேயே எத்தனை என்று எண்ணிவிட்டேன். எழுதியிருந்தால் அ + ஆ ஒன்றாகச் சேர்ந்து நிற்பது கண்ணில் பட்டிருக்கும்.

கூடுதல் மாறாது என்றால் பரப்பளவு மாறுமே என்று தொடர்ந்து கணக்கிட்டேன். இரண்டும் சமமாக இருக்கும்போது மொத்தப் பரப்பு 28.94 ச.செ.மீ.; அ = 5 எனில் 31.80. இடச் சதுரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அதன் மேல் வலமூலை ஒரு கட்டத்தில் முக்கோணத்தின் வலப்பக்கத்தை இடித்து நிற்கிறது. அந்தக் கட்டத்தில் அ = 12 × (2√3 − 3), அதாவது 5.569; ஆ = 2.038, மொத்தப் பரப்பு 35.17. ஆக, கூடுதல் ஒன்றாக இருக்கும்போது சமமான சதுரங்கள்தான் மிகக் குறைந்த இடத்தை நிரப்புகின்றன.

இப்போது எனக்கு ஓர் ஐயம். இந்த 5.569 என்பது சதுரம் அடிப்பக்கத்தில் நேராக அமர்ந்திருக்கும்போது கிடைக்கும் எல்லை. சதுரத்தைச் சற்றுச் சாய்த்து வைத்தால் இதைவிடப் பெரியது அடங்காதா? இப்படிக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. பக்கம் 1 உள்ள ஒரு சதுரத்துக்குள் மிகப்பெரிய சமபக்க முக்கோணத்தை வைக்க வேண்டுமானால் அதை 15° சாய்த்துத்தான் வைக்க வேண்டும். நேராக வைத்தால் பக்கம் 1 மட்டுமே, சாய்த்தால் 1.035 வரை போகலாம். அங்கே சாய்வு உதவுகிறது என்றால் இங்கேயும் உதவக்கூடும் அல்லவா?

கோணமானி எழுதியது:

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சமபக்க முக்கோணத்தைச் சதுரத்துக்குள் வைக்கும் கணக்கு மிகப் பழையது. 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரசீகக் கணித அறிஞர் அபுல் வஃபா அதற்கு வரைமுறைகளைக் கொடுத்திருக்கிறார். அதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்பது உண்மையிலேயே அழகானது.

முக்கோணத்தை அசையாமல் வைத்துச் சதுரத்தைச் சுழற்றினால் கணக்கு சிக்கலாகும். மாற்றி யோசிப்போம். பக்கம் 1 உள்ள சதுரத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி வளைக்கும் மிகச்சிறிய சமபக்க முக்கோணத்தை ஒவ்வொரு சாய்விலும் தேடுவோம். முக்கோணம் சிறியதாக வரும் சாய்வில்தான், முக்கோணத்தின் அளவு மாறாதிருந்தால் சதுரம் பெரியதாக வரும்.

இங்கே இத்தாலியக் கணித அறிஞர் விவியானியின் பெயரால் வழங்கும் தேற்றம் கைகொடுக்கிறது. சமபக்க முக்கோணத்துக்குள் எந்தப் புள்ளியை எடுத்தாலும், அதிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் உள்ள செங்குத்துத் தொலைவுகளின் கூடுதல் முக்கோணத்தின் குத்துயரத்துக்குச் சமம். நாம் எடுக்கப்போகும் புள்ளி சதுரத்தின் மையம். முக்கோணத்தின் ஒரு பக்கம் சதுரத்தின் பக்கத்தோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதைச் சாய்வு என்று அழைப்போம். அந்தப் பக்கம் சதுரத்தின் ஒரு மூலையைத் தொட்டு நிற்கிறது. மையத்திலிருந்து அந்த மூலைக்கு உள்ள தொலைவு அரை மூலைவிட்டம், அதாவது 1/√2. எனவே மையத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு உள்ள செங்குத்துத் தொலைவு 1/√2 × கொசைன் (45° − சாய்வு).

சதுரம் 90° சுழன்றால் பழைய நிலைக்கே வந்துவிடும். முக்கோணத்தின் பக்கங்களோ ஒன்றுக்கொன்று 60° சாய்ந்தவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முதல் பக்கத்தின் சாய்வு 0° முதல் 30° வரை எதுவாக இருந்தாலும், மற்ற இரண்டு பக்கங்களின் சாய்வுகள் அதைவிட 30°, 60° கூடுதலாக அமைகின்றன. ஆகவே நாம் கூட்ட வேண்டியவை 45° − சாய்வு, 15° − சாய்வு, 15° + சாய்வு ஆகிய கோணங்களின் கொசைன்கள். முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்தால் 2 × கொசைன் 30° × கொசைன் (15° − சாய்வு) கிடைக்கிறது. நடுவில் உள்ளதும் கொசைன் (15° − சாய்வு) தான். எனவே

குத்துயரம் = (1 + √3)/√2 × கொசைன் (15° − சாய்வு)

இந்த ஒரு வரியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். சாய்வு 15° ஆகும்போது கொசைன் 1 என்ற உச்சத்தைத் தொடுகிறது. அப்போது முக்கோணம் மிகப்பெரியதாக வேண்டியிருக்கிறது, குத்துயரம் 1.932. சாய்வு 0° ஆகும்போதும் 30° ஆகும்போதும் குத்துயரம் 1.866 என்று குறைகிறது. 30° சாய்வு என்பது வேறொன்றுமல்ல, சதுரம் முக்கோணத்தின் வேறொரு பக்கத்தில் நேராக அமர்ந்துவிட்ட நிலைதான். ஆக, நேராக அமர்ந்த சதுரமே மிகப்பெரியது. நண்பரின் 12 செ.மீ. முக்கோணத்தில் 15° சாய்த்து வைத்தால் பக்கம் 5.38-க்கு மேல் போகாது.

சதுரத்துக்குள் முக்கோணம் என்றால் 15° மிக நல்ல சாய்வு. முக்கோணத்துக்குள் சதுரம் என்றால் அதே 15° மிக மோசமான சாய்வு. இழப்பும் மிகப் பெரிதல்ல. மிக மோசமான நிலையிலும் பக்க நீளத்தில் சுமார் 3.4 விழுக்காடுதான் குறைகிறது. கையால் வரைந்த படத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு அது. அதனால்தான் இவ்வகைப் புதிர்களில் படத்தை அளந்து பார்த்து முடிவுக்கு வரக்கூடாது என்கிறேன்.

மூலைமட்டம் எழுதியது:

கோணமானி அவர்களின் விளக்கம் மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஒரு சிறு சேர்க்கை. நான்கு மூலைகளும் முக்கோணத்தின் பக்கங்களில் படும்படி ஒரு சதுரத்தை வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டால், கொசைன் தேவையே இல்லை. மூலைகள் நான்கு, பக்கங்கள் மூன்று. எனவே ஏதோ ஒரு பக்கத்தில் இரண்டு மூலைகள் விழுந்தாக வேண்டும். அவை எதிரெதிர் மூலைகளாக இருக்க முடியாது, ஏனெனில் அப்போது மற்ற இரண்டு மூலைகளில் ஒன்று அந்தப் பக்கத்துக்கு வெளியே போய்விடும். ஆகவே அவை அடுத்தடுத்த மூலைகள். சதுரத்தின் ஒரு பக்கம் முழுவதும் முக்கோணத்தின் பக்கத்தில் படிந்திருக்கிறது. சமபக்க முக்கோணத்தில் இப்படி மூன்று சதுரங்கள், மூன்றும் ஒரே அளவு. சாய்ந்த சதுரங்கள் எல்லாம் மூன்று மூலைகளால் மட்டுமே தொடும், நான்காவது மூலை உள்ளே அந்தரத்தில் நிற்கும்.

எழுதுகோல் எழுதியது:

இந்த 5.569 செ.மீ. சதுரத்தைக் கணக்கிடாமல், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு துல்லியமாக வரைய வழி உண்டா? 2√3 − 3 என்ற எண்ணை வைத்துக்கொண்டு தாளில் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூலைமட்டம் எழுதியது:

உண்டு, மிக எளிது. முக்கோணத்தின் அடிப்பக்கத்தில், முக்கோணத்துக்கு வெளியே, கீழ்நோக்கி ஒரு முழுச் சதுரம் வரையுங்கள். பக்கம் 12 செ.மீ. முக்கோணத்தின் உச்சியிலிருந்து அந்தச் சதுரத்தின் கீழ் மூலைகள் இரண்டுக்கும் கோடு இழுங்கள். அந்தக் கோடுகள் அடிப்பக்கத்தை வெட்டும் இரண்டு புள்ளிகளே நீங்கள் தேடும் சதுரத்தின் கீழ் மூலைகள். அங்கிருந்து நேர் மேலே எழுப்பினால் முக்கோணத்தின் பக்கங்களைத் தொடுவீர்கள். உச்சியில் நின்று பார்த்தால், உள்ளே உள்ள சிறிய சதுரமும் வெளியே உள்ள பெரிய சதுரமும் ஒன்றின் சிறிய வடிவம் மற்றொன்று. அதனால்தான் இது பலிக்கிறது. சமபக்க முக்கோணம்தான் வேண்டும் என்பதும் இல்லை, அடிப்பக்கத்தில் விரிகோணம் இல்லாத எந்த முக்கோணத்துக்கும் இது பொருந்தும்.

கோணமானி எழுதியது:

வேறு முக்கோணங்கள் என்ற பேச்சு வந்ததால் ஒரு செய்தி. சமபக்க முக்கோணத்தில் மிகப்பெரிய சதுரத்தை மூன்று பக்கங்களிலும் வைக்கலாம் என்பது சமச்சீர்மையால் எதிர்பார்த்ததே. ஆனால் இப்படி மூன்று வெவ்வேறு இடங்களில் ஒரே அளவில் மிகப்பெரிய சதுரம் அமையும் முக்கோண வடிவம் இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதைக் கண்டவர் கணித அறிஞர் யூஜெனியோ கலாபி. அது ஓர் இருசமபக்க முக்கோணம், ஆனால் விரிகோணம் கொண்டது. உச்சிக்கோணம் ஏறத்தாழ 101.7°. அடிப்பக்கத்துக்கும் சமபக்கத்துக்கும் உள்ள விகிதம் 1.5514; இது 2ய³ − 2ய² − 3ய + 2 = 0 என்ற முப்படிச் சமன்பாட்டின் ஒரு தீர்வு. சமபக்க முக்கோணத்துக்கு √3 ஒன்றே போதும் என்றிருக்க, அதன் ஒரே தோழனுக்கு ஒரு முப்படிச் சமன்பாடு வேண்டியிருக்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது வெகுநேரம் தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

தாள்மடிப்பு எழுதியது:

உங்கள் அனைவருக்கும் நன்றி. ஊக்கம் பெற்று அடுத்த புதிருக்குப் போனேன். சமபக்க முக்கோணத்துக்குள் மிகப்பெரிய சதுரம் ஒன்று. அதன் மேல் மிஞ்சும் சிறிய சமபக்க முக்கோணத்துக்குள் மீண்டும் மிகப்பெரிய சதுரம். அதன் மேல் மீண்டும் ஒன்று. இப்படி முடிவே இல்லாமல் உச்சி வரை அடுக்கிக்கொண்டே போனால், முக்கோணத்தின் பரப்பில் எத்தனை பங்கு சதுரங்களால் நிரம்பும்?

பக்கம் 1 என்று கொண்டேன். முதல் சதுரத்தின் பரப்பு (2√3 − 3)², அதாவது 21 − 12√3. ஒவ்வொரு சதுரமும் முந்தையதின் 21 − 12√3 மடங்கு பரப்பு உடையது. முடிவிலாப் பெருக்குத் தொடரின் கூடுதல் (21 − 12√3) ÷ (12√3 − 20). இதைச் சுருக்குவதற்குள் இரண்டு முறை குறிகளை மாற்றிப் போட்டுவிட்டேன். மூன்றாம் முறை 3(√3 − 1)/8 என்று வந்தது. முக்கோணத்தின் பரப்பான √3/4 ஆல் வகுத்தால் பங்கு (3 − √3)/2, அதாவது 63.4 விழுக்காடு.

இங்கேதான் திகைத்துப் போனேன். முதல் புதிரில் முக்கோணத்தின் பக்கத்தை 12-க்குப் பதில் 1 என்று கொண்டிருந்தால், இரு சதுரங்களின் பக்கங்களின் கூடுதல் இதே (3 − √3)/2 தான். அங்கே நீளம், இங்கே பரப்பின் பங்கு. அங்கே இரண்டு சதுரங்கள், இங்கே எண்ணற்றவை. இது தற்செயலா?

எழுதுகோல் எழுதியது:

இதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் மூலைமட்டம் ஐயாவின் மூலைத்துண்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் ஒன்று தோன்றியது. தொடரே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

முக்கோணத்தை ஒவ்வொரு சதுரத்தின் மேல்விளிம்போடும் கிடையாக வெட்டினால், அது சரிவகங்களின் அடுக்காகிறது. ஒரு சரிவகத்தில் இருப்பது ஒரு சதுரமும் இருபுறம் இரண்டு மூலைத்துண்டுகளும்தான். சதுரத்தின் பக்கம் அ எனில் அதன் பரப்பு அ². மூலைத்துண்டு ஒவ்வொன்றின் பரப்பும் ½ × அ × அ/√3. இரண்டும் சேர்ந்து அ²/√3. ஆகவே அந்தச் சரிவகத்தில் சதுரத்தின் பங்கு 1 ÷ (1 + 1/√3). எல்லாச் சரிவகங்களும் ஒரே வடிவம், அளவுதான் வேறு. ஒவ்வொரு தட்டிலும் பங்கு ஒன்றாகவே இருந்தால், மொத்தத்திலும் அதே பங்குதானே இருக்க வேண்டும்?

மூலைமட்டம் எழுதியது:

எழுதுகோல் அவர்களே, தகுதியைப் பற்றிய பேச்சே வேண்டாம். இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விடை உங்களுடையதுதான். முடிவிலாத் தொடரை ஒரே தட்டில் அடக்கிவிட்டீர்கள்.

தாள்மடிப்பு கேட்ட ஒற்றுமைக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் புதிரில் அடிப்பக்கத்தின் மேல் சதுரத்துக்கும் மூலைத்துண்டுக்கும் உள்ள நீள விகிதம் 1 : 1/√3. இங்கே ஒவ்வொரு தட்டிலும் சதுரத்துக்கும் மூலைத்துண்டுகளுக்கும் உள்ள பரப்பு விகிதமும் 1 : 1/√3. துண்டு முக்கோணமாதலால் பரப்பு பாதியாகிறது, ஆனால் தட்டுக்கு இரண்டு துண்டுகள் இருப்பதால் அந்தப் பாதி முழுமையாகிவிடுகிறது. தற்செயல் எதுவும் இல்லை. இரு புதிர்களிலும் நிற்பது ஒரே மூலைத்துண்டுதான்.

நேர்கோடு எழுதியது:

மூலைத்துண்டை வைத்தே நானும் ஒன்றைக் கணக்கிட்டேன். பக்கம் 1 உள்ள சமமான சதுரங்கள் சில இருக்கின்றன. அவற்றை அடக்க எவ்வளவு பெரிய சமபக்க முக்கோணம் வேண்டும்? ஒரு சதுரத்துக்கு 1 + 2/√3, அதாவது 2.155. இரண்டு சதுரங்களை அடியில் வரிசையாக வைத்தால் 2 + 2/√3, அதாவது 3.155. மூன்றை வரிசையாக வைப்பது வீண், 4.155 ஆகிவிடும். கீழே இரண்டு, அவற்றின் மேல் நடுவில் ஒன்று என்று கோபுரமாக வைத்தால், 2 அலகு உயரத்தில் முக்கோணத்தின் அகலம் 1 இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய பக்கம் 1 + 4/√3, அதாவது 3.309. மூன்றுக்கு இதைவிடச் சிக்கனமான அமைப்பு இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. கோபுரத்தின் வடிவமே முக்கோணத்தின் வடிவம் அல்லவா?

கோணமானி எழுதியது:

தோற்றம் ஏமாற்றுகிறது, நண்பரே. கோபுரத்துக்கு இடவலச் சமச்சீர்மை மட்டுமே உண்டு. முக்கோணத்துக்கோ மூன்று முறை சுழன்று தன்னிடமே திரும்பும் சமச்சீர்மையும் உண்டு. மூன்று சதுரங்களை வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தாமல் விடலாமா? ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சதுரத்தை உட்கார வைத்து, காற்றாடி போல ஒன்றையொன்று துரத்தும்படி அடுக்கிப் பாருங்கள்.

உச்சியை க என்றும், அடியின் இடக்கோடியை ப என்றும், வலக்கோடியை ம என்றும் அழைப்போம். முதல் சதுரம் பம என்ற அடிப்பக்கத்தில் ம-வை நோக்கி நெருங்கி, தன் மேல் வலமூலை மக என்ற பக்கத்தைத் தொடும்படி அமர்கிறது. எனவே அதற்கும் ம-வுக்கும் இடையே 1/√3 நீள மூலைத்துண்டு. இரண்டாம் சதுரம் மக பக்கத்தில் க-வை நோக்கி அதே போல் அமர்கிறது. மூன்றாவது கப பக்கத்தில் ப-வை நோக்கி. இப்போது கேள்வி ஒன்றே: முதல் சதுரம் இரண்டாவதை இடிக்காமல் இருக்க ம-விலிருந்து இரண்டாம் சதுரம் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும்?

முதல் சதுரத்தில் இரண்டாவதை நோக்கி மிகவும் நீட்டிக்கொண்டிருப்பது அதன் மேல் இடமூலை. அது ம-விலிருந்து இடப்புறமாக 1 + 1/√3 தொலைவிலும், மேலே 1 அலகு உயரத்திலும் உள்ளது. மக என்ற திசையில் அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க, கிடைத் தொலைவின் பாதியையும், உயரத்தின் √3/2 மடங்கையும் கூட்ட வேண்டும்:

½ × (1 + 1/√3) + √3/2 = 1.655

இரண்டாம் சதுரம் ம-விலிருந்து இந்தத் தொலைவில் தொடங்கலாம். அதன் பிறகு சதுரத்தின் பக்கம் 1, அதற்கப்பால் க வரை மூலைத்துண்டு 1/√3. மூன்றையும் கூட்டினால் √3 உள்ள உறுப்புகள் எல்லாம் அழகாகச் சேர்ந்து, முக்கோணத்தின் பக்கம் 3/2 + √3 என்று வருகிறது. அது 3.232. கோபுரத்தின் 3.309-ஐ விடச் சிறியது.

நேர்கோடு எழுதியது:

நம்பவே முடியவில்லை. இரண்டு சதுரங்களுக்கே 3.155 வேண்டும் என்னும்போது, இன்னும் 0.077 மட்டும் கூட்டினால் மூன்றாவதும் உள்ளே நுழைந்துவிடுகிறது! கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன், பிழை இல்லை. யாராவது அட்டையில் வெட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

தாள்மடிப்பு எழுதியது:

வெட்டிப் பார்த்தேன். 5 செ.மீ. பக்கமுள்ள மூன்று சதுரங்களை அட்டையில் வெட்டிக்கொண்டேன். 5 × 3.232 = 16.16 என்பதால், வெள்ளைத் தாளில் 16.2 செ.மீ. பக்கமுள்ள முக்கோணத்தை வரைந்தேன். இரண்டு சதுரங்கள் ஒழுங்காக அமர்ந்தன. மூன்றாவது எப்படித் திருப்பினாலும் அதன் ஒரு மூலை கோட்டுக்கு வெளியே ஒரு நூலளவு நீட்டிக்கொண்டே நின்றது. கோணமானி அவர்கள் தவறிவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், மன்னிக்கவும். பிறகு சதுரங்களை அளந்தேன். பென்சில் கோட்டின் வெளி விளிம்பில் கத்தரித்திருக்கிறேன், ஒவ்வொன்றும் 5.05 செ.மீ. அப்படியானால் வேண்டிய முக்கோணம் 16.32 செ.மீ.; 16.2-இல் நுழையாதது இயல்புதான். 16.35 செ.மீ. பக்கத்தில் புதிய முக்கோணம் வரைந்ததும் மூன்றும் அப்படியே இறங்கிப் படிந்துவிட்டன. அதே முக்கோணத்தில் கோபுரமாக அடுக்கிப் பார்த்தேன். மேல் சதுரத்தின் இரு மூலைகளும் கோட்டைத் தாண்டி வெளியே வந்தன.

மீண்டும் காற்றாடியாக வைத்துவிட்டுப் பார்த்தபோது, நட்டநடுவில் மூன்று சதுரங்களும் சூழ ஒரு சிறு இடைவெளி இருப்பதைக் கண்டேன். அதுவும் ஒரு சமபக்க முக்கோணம். அளந்தால் பக்கம் 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதன் சரியான அளவு என்ன?

எழுதுகோல் எழுதியது:

இதை நான் கணக்கிட்டுவிட்டேன். முதல் சதுரத்தின் மேல் இடமூலை இரண்டாம் சதுரத்தின் விளிம்பைத் தொடும் புள்ளி, மக பக்கத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்த்தேன். கிடைத் தொலைவு 1 + 1/√3-ஐ √3/2 ஆல் பெருக்கி, உயரம் 1-இன் பாதியைக் கழிக்க வேண்டும். √3/2 + ½ − ½ என்று வந்து, மிஞ்சுவது √3/2 மட்டும். விளிம்பின் முழு நீளம் 1. ஆகவே நடுவில் உள்ள சிறு முக்கோணத்தின் பக்கம் 1 − √3/2, அதாவது 0.134. உங்கள் அட்டைச் சதுரத்தின் 50.5 மி.மீ. அளவுக்கு அது 6.8 மி.மீ.